கீழ்ப்படிதல்

எண்ணெய் வைத்துச் சீவியும் படியாத முடி. குளத்தடியில் மெல்லப் படியும் வண்டல். கீழ்ப்படிதலில் உள்ள ‘படி’ இதுதான்: அடங்கி அமர்தல். அழகான சொல். ஆனால் வேதாகமத்தின் மூலமொழிகளில் இதன் வேர் காதில் இருக்கிறது. எபிரேயத்தில் ‘ஷாமா’ என்றால் கேட்டல்; கீழ்ப்படிதலுக்கும் அதே சொல். இரவில் தன் பெயர் கேட்டு, அழைத்தது ஆசாரியர் ஏலி என்று எண்ணி மூன்று முறை அவரிடம் ஓடிய சிறுவன் சாமுவேல், கடைசியில் ஆண்டவருக்குச் சொன்ன பதிலிலும் ஷாமாதான் வருகிறது. கிரேக்க ‘ஹுபாகூவோ’வில் ‘கீழ்’, ‘கேள்’ இரண்டும் சேர்ந்திருக்கின்றன. தமிழருக்கு இது புதிதே அல்ல. “சொன்னா கேக்க மாட்டியா?” என்று அம்மா அதட்டுவது காதைப் பற்றியா? அந்த அம்மாவே விடியற்காலையில், உலை கொதிக்குமுன், ஜெபத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார், சொல் கேட்கிற பிள்ளையாக.