உதவித்தொகையும் அதைத் துரத்தி வரும் ஏமாற்றும்

1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன அம்பேத்கருக்குப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை தந்தார். சும்மா அல்ல, திரும்பி வந்து பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான்!

அதே அம்பேத்கர் 1942-ல் வைஸ்ராயின் நிர்வாக சபை உறுப்பினரானார். பட்டியல் சாதி மாணவர்களின் மேற்படிப்புக்குப் பணம் ஒதுக்கக் கேட்டு அரசிடம் மனு கொடுத்தார். 1944-ல் மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. பிறகு பழங்குடியினருக்கும் கிடைத்தது.

தர்மபுரி அன்று சேலம் மாவட்டத்தில் ஒரு மூலை. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல்தான். இங்கே சித்தேரி மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுபவர்கள்). அரசின் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்களின் பெயரும் இருக்கிறது. தர்மபுரி அதில் உண்டு. ஈரோட்டுப் பக்கத்து மலைகளில் வாழும் மலையாளிகள் விடுபட்டுப் போனார்கள். ஒரே மக்கள், மலை மாறினால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகையும் இல்லை. ஏழை மாணவனின் படிப்பு ஒரு காகிதத்தில் தொங்குவதால்தான் "நான் வாங்கித் தருகிறேன், கொஞ்சம் செலவாகும்" என்று வரும் தரகனை வீட்டில் நம்பிவிடுகிறார்கள்.

முன்பு பணம் பெரும்பாலும் கல்லூரி வழியாக வந்தது. அப்போது ஏமாற்றுபவன் இல்லாத மாணவனின் பெயரை எழுதினால் போதும். 2013 ஜனவரி 1-ல் நேரடிப் பணப் பரிமாற்றம் தொடங்கி, தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரத் தொடங்கியது. மோசடி நின்றதா? 2023-ல் சிறுபான்மையினர் உதவித்தொகை தொடர்பாக 1572 கல்வி நிறுவனங்களைச் சோதித்ததில் 830 போலி என்று தெரிந்து, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. இழப்பு 144 கோடி ரூபாய்க்கு மேல்!

பணம் கணக்குக்கு வருகிறது என்றதும் திருடனும் கணக்கைத் தேடி வந்துவிட்டான். 2024 தொடக்கத்தில் கோவை போலீசார் ஐந்து பேரைக் கைது செய்தார்கள். கல்வித்துறையிலிருந்து பேசுவதாகப் பெற்றோருக்குப் போன் செய்து, உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு கியூ.ஆர். கோடு அனுப்புவார்கள். ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வராது, போய்விடும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணே தேவையில்லை என்பது பலருக்குத் தெரியவில்லை. 2015-ல் வந்த தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமும் கிடையாது.

பணம் போனது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கப் பார்ப்பார்கள். வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப் போட்டால் பணம் நாலைந்து கணக்கு மாறியிருக்கும்.