தம் கட்டுதலும் இதய வெளியீடும்

இதய வெளியீடு என்பது இதயம் ஒரு நிமிடத்தில் தமனிக்குள் செலுத்தும் குருதியின் அளவாகும். ஓய்விலிருக்கும் வயது வந்தவருக்கு இது ஏறத்தாழ 5 லிட்டர். மூச்சின் போக்குக்கேற்ப இவ்வளவு மாறும். பழவேற்காடு ஏரியோர மீனவர்கள் படகைக் கரையேற்றத் தம் கட்டித் தள்ளும்போது மார்பறை அழுத்தம் உயர்கிறது. சிரைகள் வழியே இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைவதால், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் குருதியும் குறைகிறது. மூச்சை விட்டபின் தேங்கிய குருதி திரும்பிவர, இரத்த அழுத்தம் சற்று நேரம் இயல்பைத் தாண்டி உயர்கிறது.

தொடக்ககால ஆய்வுகள்

மூச்சையடக்கி முக்கும் இச்செயல், 1704-இல் காது பற்றிய தம் நூலில் இதை விவரித்த இத்தாலிய மருத்துவர் வால்சால்வாவின் பெயரால் வழங்குகிறது. செருமானிய அறிஞர் எடுவார்டு வேபர் இதைத் தம் மீதே சோதித்து, நாடித்துடிப்பு மறைவதை 1851-இல் வெளியிட்டார்.

இந்தியாவில் நடந்த ஆய்வுகள்

யோகிகள் இதயத்தை நிறுத்த வல்லவர்கள் என்ற கூற்றை ஆராய, பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் புரோஸ் 1935-இல் இதய மின்வரைவியுடன் இந்தியா வந்தார். ஒரு பதிவில் மின்னலைகள் மிகச் சிறுத்துக் காணப்பட்டதால் அக்கூற்று வலுப்பெற்றது. 1957-இல் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்கர், பாக்சி ஆகியோர் தில்லி மருத்துவர் ஆனந்துடன் இணைந்து அதை மீண்டும் சோதித்தனர். சோதிக்கப்பட்டவர்களுள் சென்னையில் வாழ்ந்த யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர். மூச்சையடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கியபோது மணிக்கட்டில் நாடி மறைந்தது, இதய ஒலியும் கேட்கவில்லை. மின்வரைவியிலோ துடிப்பு தொடர்ந்தது. நின்றது இதயமன்று, அதிலிருந்து வெளியேறும் குருதியே மிகக் குறைந்தது என்பது 1961-இல் வெளியான முடிவு.

துளையிடாத அளவீடு

இதய வெளியீட்டை அளக்கும் வழியை அடால்ஃப் ஃபிக் 1870-இல் கூறினார். அதற்கு நுரையீரல் ஏற்கும் ஆக்சிசனோடு, தமனி, சிரைக் குருதிகளில் உள்ள ஆக்சிசனும் தெரியவேண்டும். எனவே குருதி எடுக்காமல் முடியாது. 1966-இல் கூபிசெக் குழுவினர் தோலில் மின்முனைகளை ஒட்டி, மார்பின் மின்மறுப்பு துடிப்புதோறும் மாறுவதைக்கொண்டு வெளியீட்டைக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். ஆனால் மூச்சும் மின்மறுப்பை மாற்றிவிடும். பதிவு தெளிவாக வேண்டி மூச்சை நிறுத்தச் சொன்னால், அளக்கவேண்டிய வெளியீடே மாறக்கூடும். ஆகவே இயல்பாக மூச்சுவிடச் செய்து, பல துடிப்புகளின் சராசரியைக் கணக்கிடும் முறை பின்னர் வந்தது.

நாடி தென்படாததை மட்டும் வைத்து இதயம் நின்றதாக முடிவு செய்யக்கூடாது என்பது இவ்வரலாறு தரும் பாடமாகும்.