சிவந்த கண்ணும் சொட்டு மருந்தும்

கண் சிவந்தவுடன் மருந்துக் கடையில் ஏதேனுமொரு சொட்டு மருந்தை வாங்கி ஊற்றிக்கொள்ளும் வழக்கம், நோயின் காரணத்தை நாடாமல் அதன் லக்ஷணத்தை மாத்திரம் அடக்க முயல்வதால், பல சமயங்களில் பயனற்றதாகவும், சில சமயங்களில் பார்வைக்கே பங்கம் விளைவிப்பதாகவும் முடிகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இமைகளின் உட்புறத்தையும் விழியின் வெண்பகுதியையும் போர்த்துள்ள மெல்லிய சவ்வாகிய விழிவெண்படலம், எத்தகைய உபாதை நேரினும் சிவத்தல், நீர் வடிதல், உறுத்தல் ஆகியவற்றையே காட்டுவதால், வேற்றுமையைப் பீளையிலும் இமையின் உட்புறத்திலுமே தேட வேண்டியிருக்கிறது. காலையில் இமைகளை ஒட்டவைக்கும் மஞ்சள் பீளை பெரும்பாலும் பாக்டீரியாவைச் சுட்டும். தண்ணீராக வடிந்து, காதின் முன்புறத்தில் நெறி கட்டி, ஒரு கண்ணில் தொடங்கிச் சில நாளில் மறு கண்ணையும் பற்றுவது வைரஸைச் சுட்டும். நூல் நூலாக இழுபடும் பீளையும், தாங்கொணா அரிப்பும், மேலிமையைப் புரட்டினால் கூழாங்கல் பாவியது போன்ற புடைப்புகளும் காணப்படுமாயின், அது கோடையில் சிறுவரை அதிகம் வாட்டும் ஒவ்வாமை நோய்.

‘மெட்ராஸ் ஐ’ என்று நம் நகரத்தின் பெயரையே பெற்றுவிட்ட தொற்று பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. 1969இல் கானாவில் தோன்றி, சந்திரனில் மனிதன் இறங்கிய ஆண்டாதலால் ‘அப்பல்லோ நோய்’ எனப்பட்ட, இரத்தக் கசிவோடு கூடிய மற்றொன்று என்டரோ வைரஸால் வருவது. இவ்விரண்டையும் ஆன்டிபயாட்டிக் சொட்டுகள் கொல்வதில்லை. குளிர்ந்த ஒத்தடமும், தனித் துவாலையும், சோப்பிட்டுக் கைகழுவுதலும் இருந்தால், ஓரிரு வாரங்களில், சிலருக்குச் சற்றுக் கூடுதலாக, நோய் தானே தணியும்.

ஸ்டீராய்டு கலந்த சொட்டோ விரைவில் சிவப்பை அகற்றி, குணமாகிவிட்டதென்ற பிரமையை உண்டாக்கிவிடுகிறது. உள்ளிருப்பது ஹெர்ப்பிஸ் வைரஸாயின் கருவிழிப் புண் கிளைத்துப் பரவும். ஒவ்வாமையால் வருந்தும் சிறுவனுக்குப் பெற்றோர் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் அதையே வாங்கி ஊற்றுவது இன்னும் கொடிது. அரிப்பு நின்ற நிம்மதியில், கண்ணின் உள்ளழுத்தம் வலியின்றி உயர்ந்து, நரம்பு அழியத் தொடங்குவதை எவரும் அறிவதில்லை. இழந்த அப்பார்வை மீளாது. கண் வைத்தியர் அழுத்தத்தை அளந்து, குறுகிய காலத்திற்கு அதைப் பிரயோகிப்பது வேறு. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது வேறு.

சொட்டு மருந்தால் பெருநன்மை விளைந்ததில்லையா என்று வினவலாம். விளைந்தது உண்மை. லைப்சிக் நகர மகப்பேற்று மருத்துவரான கிரேடே, தாயின் பிறப்புவழியிலிருந்தே சிசுவின் கண்ணில் நோய் ஏறுகிறதென உணர்ந்து, 1880 முதல் பிறந்தவுடன் இரண்டு விழுக்காட்டு வெள்ளி நைட்ரேட் கரைசலை இட்டு, சுமார் பத்து விழுக்காடாக இருந்த அந்நோயை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே கொணர்ந்தார். மூலத்தை அறிந்து, நோய் வருமுன் இட்டமையால் அது பலித்தது. கொனோரியா கிருமியால் சிசுவின் கண் வீங்கிச் சீழ் பெருகியபின் சொட்டு மாத்திரம் போதாது. கருவிழி விரைவில் துளைபடக்கூடுமாதலால், அன்றே மருத்துவமனையில் சேர்த்து, ஊசி வழியே ஆன்டிபயாட்டிக் செலுத்தி, தாய்க்கும் சேர்த்தே சிகிச்சையளித்தல் வேண்டும்.