பனிவெளி நாய்கள் உண்ட மீன்

வரலாற்று நூல்களில் பயணத் தலைவர்களின் பெயர்கள் இருக்கும். அவர்கள் ஏறிய கப்பல்களின் பெயர்களும் இருக்கும். அவர்களுடைய சறுக்கு வண்டிகளை இழுத்த நாய்கள் என்ன உண்டன என்னும் செய்தியோ ஏதேனும் ஒரு மூலையில் இரண்டொரு வரிகளில் ஒடுங்கிக் கிடக்கும். நாய்க்குட்டி வளர்க்கும் மாணவர் சிலர், தகர டப்பாவில் அடைத்து விற்கும் மீனை அதற்குக் கொடுக்கலாமா, அதன் வயிறு தாங்குமா என்று என்னைக் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் தென்துருவப் பனிவெளிக்கே போய்ச் சேருகிறோம்.

1901-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ‘டிஸ்கவரி’ என்னும் கப்பல் இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட்டது. தலைவர் ராபர்ட் ஸ்காட். நாய்களுக்கென்று முதலில் அவர் எண்ணியிருந்த உணவு பிஸ்கோத்து. ஆனால், நாய்வண்டிப் பயணத்தில் அனுபவம் மிக்க ஒருவர் கூறிய யோசனையை ஏற்று, நார்வே நாட்டுக் கருவாட்டைக் கொண்டு சென்றார். நம் கடற்கரையில் உப்பிட்டு வெயிலில் காயவைக்கும் கருவாடு போன்றது அன்று அது. ‘காட்’ என்னும் வடகடல் மீனை உப்பிடாமலே குளிர்காற்றில் தொங்கவிட்டு, கட்டைபோல் இறுகும்வரை உலர்த்துவார்கள். வடநாட்டு நாய்கள் உலர்ந்த மீனை உண்டே உழைத்து வந்தவை. ஆகவே, யோசனை தவறானது என்று சொல்வதற்கில்லை.

கப்பலோ வெப்ப மண்டலத்தைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் கருவாடு நமத்துப்போவதை நம் தாய்மார் நன்கு அறிவர். உப்பும் ஏறாத மீன், வெப்பமும் ஈரமும் சூழ்ந்த கப்பலில் வாரக்கணக்காகக் கிடந்தால் என்ன ஆகும்? அப்போதுதான் அது கெட்டிருக்க வேண்டும் என்று ஸ்காட் பின்னாளில் எழுதினார். அவர் எழுதியபோது நாய்கள் ஒன்றும் உயிரோடு இல்லை.

1902 நவம்பர் 2-ஆம் நாள் ஸ்காட், ஷாக்கிள்டன், மருத்துவர் வில்சன் ஆகிய மூவரும் 19 நாய்களோடு தெற்கு நோக்கிச் சென்றனர். முதலில் நாய்கள் ஊக்கத்தோடு இழுத்தன. சில நாட்களிலேயே தளர்ந்தன. பாரத்தை இரு கூறாக்கி, ஒரு கூற்றை முன்னே கொண்டுபோய் வைத்துவிட்டு மறு கூற்றுக்காகத் திரும்பி வரும் நிலை ஏற்பட்டது. ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடந்தார்கள். டிசம்பரில் நாய்கள் மடியத் தொடங்கின. மெலிந்தவற்றை வில்சன் கொன்று மற்றவற்றுக்கு உணவாக்கினார். டிசம்பர் 30-இல் தெற்கே 82 பாகை 17 கலை வரை எட்டினர்; அதற்குமுன் அவ்வளவு தெற்கே எவரும் சென்றதில்லை. திரும்பும் வழியில், 1903 ஜனவரியில், எஞ்சிய இரண்டு நாய்களும் கொல்லப்பட்டன. மூவரும் ஸ்கர்வி நோயோடு தாமே வண்டியை இழுத்துக்கொண்டு பிப்ரவரி 3-இல் கப்பலை அடைந்தனர்.

கெட்ட மீன் ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. காட் மீனின் தசையில் கொழுப்பு மிகக் குறைவு. உறைபனியில் பாரம் இழுக்கும் உயிருக்கு வேண்டுவதோ கொழுப்பு. கொடுத்த அளவும் போதவில்லை. 1888-இல் கிரீன்லாந்தைக் கடந்த நான்சனின் குழுவினர்கூட, கொழுப்பு நீக்கிய உலர் இறைச்சியைத் தின்று, வயிறு நிறைந்தும் கொழுப்புக்காக ஏங்கினார்கள். அந்தச் செய்தி அச்சேறிப் பல்லாண்டுகள் ஆன பின்பே டிஸ்கவரி புறப்பட்டது.

இதன் பின்னர் ஸ்காட் நாய்களை முழுமையாக நம்பவில்லை. 1910-இல் மீண்டும் புறப்பட்டபோது நாய்களையும் கொண்டு சென்றார். எனினும், மட்டக்குதிரைகளையும் இயந்திர வண்டிகளையும் மனிதத் தோள்களையுமே பெரிதும் நம்பினார். நாய்களைக் கொல்ல நேர்ந்த மனவேதனை அதற்கு ஒரு காரணம் என்பது உண்மையே. ஆயினும், நாய்களைப் பற்றி அவர் கண்ட முடிவில் பாதி, கருவாட்டைப் பற்றிய முடிவே என்பது என் கருத்து.

அதே 1910-இல், ஆகஸ்டு 9-ஆம் நாள், நார்வேயின் ஆமுன்சன் ‘ஃபிராம்’ கப்பலில் 97 கிரீன்லாந்து நாய்களோடு புறப்பட்டார். அவரும் கடந்தது அதே வெப்ப மண்டலம். அவர் ஏற்றிச் சென்றதும் உலர்மீனே. ஆனால், நாய்களுக்கு வெயில் படாதவாறு மேலே துணிப்பந்தல் கட்டினார். தளத்தின் மேல் இடைவெளி விட்டு மற்றொரு பலகைத் தளம் அமைத்து, நீரும் அழுக்கும் வழிந்தோடச் செய்தார். மீனை நறுக்கி, மாட்டுக்கொழுப்பும் மக்காச்சோள மாவும் கூட்டிக் கஞ்சிபோல் காய்ச்சி ஊட்டினார்கள். வழியிலேயே குட்டிகள் பல பிறந்தன. 1911 ஜனவரியில் கரையை அடைந்தபோது நாய்களின் எண்ணிக்கை 116! பனிவெளிப் பயணத்திற்கென்று, உலர்மீன் அல்லது இறைச்சியோடு கொழுப்பும் பால்பொடியும் தவிட்டு மாவும் சேர்த்துச் செய்த ‘பெம்மிக்கன்’ கட்டிகள் இருந்தன. ஒரு கட்டி ஏறக்குறைய அரைக் கிலோ. அக்டோபரில் 52 நாய்களோடு கிளம்பி, டிசம்பர் 14-இல் துருவத்தை அடைந்து, 1912 ஜனவரி 25-இல் 11 நாய்களோடு மீண்டார். மற்றவற்றுள் பெரும்பாலானவை, முன்னரே வகுத்த திட்டப்படி உணவுக்காகக் கொல்லப்பட்டவை. வெற்றியைச் சொல்பவன் இதனை விட்டுவிடல் ஆகாது.

இனித் தகர டப்பாவுக்கு வருவோம். உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துக் கொதிநீரில் வேகவைத்தால் கெடாது என்பதைப் பிரெஞ்சு நாட்டு நிக்கோலா அப்பேர் 1810-இல் நூலாக வெளியிட்டார். உலர்மீனைக் கெடுக்கும் ஈரக்காற்று டப்பாவுக்குள் நுழைவதில்லை. வெந்த மீனில் மற்றொரு நன்மையும் உண்டு. 1930-களில் அமெரிக்க நரிப் பண்ணைகளில் பச்சை மீன் தின்ற நரிகளுக்குக் கைகால் விளங்காமல் போயிற்று. சிலவகை மீன்களில் உள்ள ஒரு நொதிப்பொருள் தயமின் என்னும் வைட்டமினை அழிப்பதே காரணம் என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். நரி, நாயின் இனந்தானே? வேகவைத்தால் அந்த நொதிப்பொருள் செயலற்றுப் போகிறது.

எனவே, நாய்க்குட்டிக்கு டப்பா மீன் ஆகாத பொருள் அன்று. மிளகாயும் தக்காளிச் சாறும் சேர்ந்தது ஆகாது. வெங்காயம் சேர்ந்தது நாய்க்கு நஞ்சு. உப்பும் எண்ணெயும் மிகுந்ததும் வேண்டா. வெறும் நீரில் அடைத்ததே தக்கது. மென்மையான வயிறுடைய குட்டிக்கு முதல் நாள் ஒரு சிறு கரண்டி, அதன் வழக்கமான உணவோடு பிசைந்து கொடுத்து, மறுநாள்வரை பார்த்திருத்தல் வேண்டும். வாந்தியோ கழிச்சலோ கண்டால் நிறுத்திவிடுக. அது நீடித்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. டப்பாவைத் திறந்துவிட்டால் அந்த மீனும் ஸ்காட்டின் கருவாட்டைப் போன்றதே. மிஞ்சியதை வேறொரு பாத்திரத்திற்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டொரு நாளில் தீர்த்துவிடல் வேண்டும்.