எந்தப் படியால் அளப்பது?

சென்ற மாதம் ஒரு நண்பரோடு படப்பை ஏரிப் பக்கம் இருளர் குடியிருப்புக்குப் போயிருந்தேன். ஏதோ நலத் திட்டத்தின் பலனைக் கணக்கெடுக்க ஓர் இளைஞர் படிவத்தோடு வந்திருந்தார்.

"என்ன தொழில், பெரியவரே?"

"எலி புடிப்பேன், பச்சிலை பறிப்பேன், அறுப்புக்குப் போவேன், சார்."

படிவத்தில் இவற்றுக்கெல்லாம் இடமில்லை. "கூலி" என்று எழுதிக்கொண்டார். பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுத்த படி அப்படி.

இது இன்று நேற்றைய கதையல்ல. ஒரு காலத்தில் செங்கற்பட்டு வட்டாரத்து இருளர்களைத் தோல் வியாபாரி அளந்தான். எத்தனை பாம்புத் தோல் என்பதே அவன் கணக்கு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புகள் பிழைத்தன, நல்ல காரியந்தான். ஆனால் இருளர் வீட்டு உலை கொதித்ததா என்று அந்தக் கணக்கில் ஒரு வரி உண்டா?

1978-ல்தான் வேறொரு படி கிடைத்தது. ராமுலஸ் விட்டேக்கர் துணை நிற்க, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வடநெம்மேலியில் அவர்கள் பாம்பைக் கொல்வதில்லை. சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, மறுபடி காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. தோலுக்குக் கிடைத்த கூலி, அறிவுக்குக் கிடைக்கலாயிற்று.

அந்த அறிவின் எடையை அமெரிக்காவும் பார்த்தது. புளோரிடாவில் 2016-ல் ஒரு மலைப்பாம்பு வேட்டைப் போட்டி நடந்தது. ஆயிரம் பேருக்கு மேல் இறங்கி, ஒரு மாதத்தில் பிடித்தவை 106. மறு வருஷம் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அங்கே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள்! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் தொழிலையும் ஏதாவதொரு படிவம் "கூலி" என்றுதான் எழுதியிருக்கும்.

இளைஞர் போனபின் பெரியவரிடம் கேட்டேன்: "திட்டம் பலிச்சுதுன்னு நீங்க எதை வச்சுச் சொல்வீங்க?"

வெகுநேரம் யோசித்தார்.

"எம் பேரன் பள்ளிக்கூடமும் போவணும், மண்ணுல தடம் பாக்கவும் தெரியணும் சார். ரெண்டும் இருந்தா, பலிச்சுதுன்னு எழுதிக்குங்க."

அந்தக் கேள்வியைப் படிவம் போட்டவர் முதலிலேயே வந்து இவரிடம் கேட்டிருக்கலாம்.