“ஏன் சார்?” என்று கேட்ட மாணவனுக்கு



நான் ஆங்கிலப் பாடம் எடுத்த காலத்தில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டுரை நோட்டில் “ஐ என்ஜாய் டு ரீட்” என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து “ரீடிங்” என்று திருத்தினேன். “‘ஐ வான்ட் டு ரீட்’ சரிங்கிறீங்க. ‘என்ஜாய் டு ரீட்’ மட்டும் ஏன் சார் தப்பு?” என்று கேட்டான். “அது அப்படித்தான். லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணு” என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் சந்தேகமே கேட்கவில்லை.

உண்மை என்னவென்றால், எனக்கே பதில் தெரியாது. ஓய்வுபெற்ற பிறகு ஆங்கில மொழியின் வரலாற்றைப் படித்தபோதுதான் கொஞ்சம் விளங்கியது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவுக்கு ‘டு’ கட்டாயமில்லை. வினையின் கடைசியில் வரும் ‘அன்’ என்ற விகுதியே அடையாளம். எழுத என்பதற்கு ‘வ்ரீட்டன்’. நோக்கத்தைச் சொல்லும்போது ‘டு வ்ரீட்டன்னே’. இந்த ‘டு’, ‘கோ டு ஸ்கூல்’ என்பதில் வரும் அதே ‘டு’தான். நம் நான்காம் வேற்றுமை ‘கு’வை நினைத்துக்கொள்ளுங்கள்: பள்ளிக்கு, எழுதுவதற்கு. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து மறைந்தன. ‘டு’ மட்டும் அடையாளமாக நின்றது. ‘கேன்’, ‘மஸ்ட்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் இன்றும் ‘டு’ வராதது அந்தப் பழைய வழக்கத்தின் மிச்சம்.

ஜெரண்டின் ‘இங்’ வேறு குடும்பம். பழைய ஆங்கிலத்தில் அது ‘உங்’, ‘இங்’ என்று முடியும் வெறும் பெயர்ச்சொல். நம் தொழிற்பெயர் மாதிரி. அதனால் ‘தி ரைட்டிங் ஆஃப் லெட்டர்ஸ்’ என்பதுபோல்தான் அமையும். பிறகு மெல்ல மெல்ல வினையின் குணம் ஏறி, ‘ரைட்டிங் லெட்டர்ஸ்’ என்று நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கத் தொடங்கியது. 1762இல் ராபர்ட் லவுத் தம் இலக்கண நூலில் இதற்கு வரம்பு கட்டினார்: முன்னால் ‘தி’ வந்தால் பின்னால் ‘ஆஃப்’ வரவேண்டும், இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிட வேண்டும். மக்கள் பேச்சில் இரண்டும் கலந்து கிடந்ததால்தானே அப்படி ஒரு விதி தேவைப்பட்டது!

அதன் பிறகும் எல்லை நகர்ந்துகொண்டே இருந்தது. ‘இங்’ தன் இடத்தைப் பெருக்கிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டு நாவல்களில் ‘அக்கஸ்டம்டு டு டூ’ என்று சாதாரணமாகப் பார்க்கலாம். இன்று ‘அக்கஸ்டம்டு டு டூயிங்’ என்றுதான் சொல்லித்தருகிறோம். அந்தக் காலத்து எழுத்தாளர் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் சிவப்பு மைதான்.

அப்படியானால் நாம் மனப்பாடம் செய்யவைத்த பட்டியல்? ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைக்கு அது தேவையில்லை, காதே சொல்லிவிடும். வெளியிலிருந்து கற்பவருக்குத்தான் தேவை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, இருவரோடு சேர்ந்து தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. எந்த வினைக்குப் பின்னால் எந்த அமைப்பு வரும் என்பதை அது குறியிட்டுக் காட்டியது. பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டு, நம் ஆசிரியர்கள் பலர் கையில் தவழ்ந்த அகராதியின் மூலம் அதுதான்.

பட்டியலில் பாதிக்குக் காரணம் உண்டு. ‘டு’ முன்னே கிடப்பதைக் காட்டும்: வான்ட், ஹோப், ப்ராமிஸ், டிசைட். ‘இங்’ செயலையே ஒரு பொருளாக நிறுத்தும்: என்ஜாய், ஃபினிஷ். இதைத் தமிழிலேயே காட்டியிருக்கலாம். “கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்” என்றால் வீடு திறந்து கிடக்கிறது. “கதவைப் பூட்டியதை மறந்துவிட்டேன்” என்றால் வீடு பத்திரம், ஞாபகம்தான் போய்விட்டது. முதலாவது ‘ஃபர்காட் டு லாக்’. இரண்டாவது ‘ஃபர்காட் லாக்கிங்’. இந்த வித்தியாசம் அந்த மாணவனுக்குத் தாய்மொழியில் ஏற்கெனவே தெரியும். எனக்குத்தான் எடுத்துச்சொல்லத் தெரியவில்லை.

மீதிப் பாதி வெறும் வழக்கம். ‘அவாய்ட்’, ‘சஜஸ்ட்’ இரண்டும் இனி நடக்கப்போவதைப் பற்றியும் பேசும்; ஆனாலும் ‘இங்’தான் வரும். அதை மனப்பாடம்தான் செய்யவேண்டும். ஆனால் “இதற்குக் காரணம் இருக்கிறது, அதற்கு வழக்கம் மட்டும்தான்” என்று பிரித்துச் சொல்லியிருந்தால் அவன் சந்தோஷமாகவே மனப்பாடம் செய்திருப்பான்.

இன்று வகுப்பில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் “ஏன்?” என்று கேட்டால், தெரியாவிட்டால் “தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். நான் பார்த்துச் சொல்ல இத்தனை வருடம் ஆகிவிட்டது. அவன் எங்கேயாவது இதைப் படித்தால், அன்றைக்கு அவன் கேட்டது சரியான கேள்வி என்று தெரிந்துகொள்ளட்டும்.