வானத்தில் ஓர் உலக்கை

லம்பா என்றால் இந்தியில் நீளம்; லைன் என்பது ஆங்கிலத்தில் வரிசை. இரண்டுமே தமிழ்ச் சொற்கள் அல்ல. ஆனாலும் இந்த அந்தமான் தீவில் வாழும் தமிழர் நாவில் லம்பா லைன் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. ஓர் இடத்தை இன்னொருவருக்குச் சுட்டிக்காட்ட வேண்டிய தேவை வந்தவுடன், கண்ணில் பட்ட வடிவத்துக்கு வாயிலிருக்கும் சொல்லைச் சூட்டிவிடுவது மனித இயல்பு. வானத்துக்கும் இப்படித்தான் பெயர்கள் ஏறின என்று கருதுகிறேன். பழங்காலத்து மனிதர் இரவில் அண்ணாந்து பார்த்துக் கதைகள் கற்பித்தனர், அக்கதை மாந்தரை விண்மீன்களில் கண்டனர் என்பது பலரும் சொல்லும் விளக்கம். வரிசை அதற்கு நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். நாளையும் திசையையும் அறிய ஒரு மீன்கூட்டத்தை மறுபடி அடையாளம் காணும் தேவை முதலில் வந்தது. அந்தத் தேவைக்காக வீட்டுப் பண்டம் ஒன்றின் பெயர் அதற்கு ஏறியது. கதை கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டது.

இதற்குத் தமிழில் நல்ல சான்று பிங்கலம் முதலான நிகண்டுகளில் கிடைக்கிறது. நிலவு நாளுக்கொன்றாகக் கடந்து செல்லும் 27 நாள்மீன்களுக்கு அவை தரும் பெயர்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு குடியானவர் வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். பரணி அடுப்பு, விசாகம் சுளகு, சதயம் செக்கு, அனுடம் பனை, ரேவதி தோணி, திருவோணம் உலக்கை. பரணியின் மூன்று மீன்கள் அடுப்புக்கு வைத்த மூன்று கற்கள்போல் முக்கோணமாக நிற்கின்றன. திருவோணமோ ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்த மூன்று மீன்கள். நடுவிலிருப்பது மிகுந்த ஒளியுடையது, இரு பக்கத்திலும் இருப்பவை மங்கலானவை. உலக்கை பிடித்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரு முனையிலும் பூண், நடுவில் உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழத்து மினுங்கும் பிடி. அந்தப் பிடி இருக்கும் இடத்தில்தான் ஒளிமிக்க மீன் இருக்கிறது. இப்பெயரை ஏட்டைப் பார்த்து எவரும் எழுதியிருக்க முடியாது. நெல் குத்திய கை வைத்த பெயர் இது.

நாள்மீன் முறையே வடக்கிலிருந்து வந்தது, பெயரும் கூடவே வந்திருக்கும் என்று ஒருவர் மறுக்கலாம். முறை பொதுவானது என்பதை ஏற்கிறேன். ரோகிணியை வடமொழியும் வண்டி என்கிறது, தமிழும் சகடு, பண்டி என்கிறது. அங்கே படமும் ஒன்றே. ஆனால் திருவோணத்தின் மூன்று மீன்களில் வடமொழி மரபு திருமாலின் மூன்று அடிகளைக் காண, நிகண்டு உலக்கையைக் காண்கிறது. ரேவதி அங்கே மத்தளம், இங்கே தோணி. அனுடம் அங்கே பலிச்சோற்று வரிசை, இங்கே வளைந்த பனை. கணக்கைக் கடனாகப் பெற்றவர்கள்கூடப் படத்தைத் தங்கள் முற்றத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். இரவல் வாங்கியவர் புதுப் பெயர் வைக்கிறார் என்றால், பழைய பெயர் அவருக்குப் பயன்படவில்லை என்றுதான் பொருள்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. கார்த்திகைக் கொத்தை உலகெங்கும் மக்கள் ஒரே கூட்டமாகப் பிரித்தறிந்திருக்கிறார்கள். ஆகவே உருவத்தைத் தருவது வானமே, தொழில் அல்ல என்பது அது. கொத்து கண்ணில் தானாகவே படுகிறது என்பது உண்மைதான். ஆனால் கண் கூட்டத்தைப் பிரிக்கும், பெயர் சொல்லாது. அதே கொத்து கிரேக்கருக்கு ஏழு சகோதரியர். தமிழருக்கு அறுமீன், ஆரல். ஆரல் ஆற்றிலும் குளத்திலும் பிடிபடும் மெல்லிய மீன். விண்ணில் மின்னுவதையும் நீரில் நீந்துவதையும் மீன் என்ற ஒரே சொல்லால் அழைக்கும் மொழிக்கு இது வியப்பில்லை.

பெர்சியூஸ், ஆண்ட்ரோமீடா போன்ற கிரேக்கக் கூட்டங்களில் ஒரு முழுக் கதையே வானில் பரந்து கிடப்பதை மறுக்க முடியாது. எனினும் அவர்களுக்கு முந்திய பாபிலோனியரின் விண்மீன் பட்டியல், முல் அபின், தன் பெயரிலேயே கலப்பையைக் கொண்டிருக்கிறது. பிற்காலத்தில் நடந்ததோ கண்கூடு. 1750களின் தொடக்கத்தில் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானை அளந்த பிரெஞ்சு வானியலர் லக்காய், பெயரில்லாமல் கிடந்த இடங்களில் 14 புதிய கூட்டங்களை அமைத்தார். அவர் வைத்த பெயர்கள் தொலைநோக்கி, நுண்ணோக்கி, காற்றுப் பம்பு, உலை, ஊசல் கடிகாரம். தெய்வங்கள் அல்ல, அவர் காலத்து அறிவியலரின் பணிமேசைப் பொருள்கள். இன்று உலகம் ஏற்றுள்ள 88 கூட்டங்களில் அவையும் அடங்கும். உலக்கைக்கும் காற்றுப் பம்புக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி. பெயர் வைத்த முறை ஒன்றே.

ஆவணி என்ற மாதப்பெயரே திருவோணத்தின் வடமொழிப் பெயரான சிரவணத்திலிருந்து பிறந்தது. அம்மாதக் கடைசியில் மழைமேகம் விலகினால், இரவு எட்டு மணியளவில் லம்பா லைனில் நிற்பவருக்கு அந்த உலக்கை ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர்மேலே தெரியும். நடுமீன் நம்மிலிருந்து சுமார் 17 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. பக்கத்து மீன்களில் ஒன்று சுமார் 45, மற்றது ஏறத்தாழ 400. பூமியை விட்டு வெகுதூரம் போய்விட்டால் அவை மூன்றும் மூன்று திக்கில் சிதறிவிடும். நம் முற்றத்திலிருந்து பார்க்கும்வரைதான் அது உலக்கை.